உச்சிவேளை விருந்தாளிகள்

திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே நிற்கும் பாறைக் குன்று அது. வெயில் ஏறுவதற்குள் ஏறி இறங்கிவிடலாம் என்றுதான் எந்த மலைக்கோயிலிலும் பக்தர்கள் நினைப்பார்கள். இங்கே மட்டும், உச்சிவேளைக்குச் சற்று முன்பாக மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு படியேறினார்கள். வேதகிரீசுவரரைக் கும்பிட்ட பிறகு எல்லோரும் ஒரு பாறைச் சரிவுக்கு எதிரே வந்து கூடுவார்கள். பூசகர் அரிசி, கோதுமை, நெய், சர்க்கரை சேர்த்துச் செய்த உணவோடு பாறையில் உட்கார்ந்திருப்பார். சிறிது நேரத்தில் வானத்தில் இரண்டு புள்ளிகள் தெரியும். வட்டமிட்டு இறங்கும் அந்த இரண்டு வெள்ளைப் பறவைகளுக்கும் மஞ்சள் முகம், சிறகு நுனியில் கறுப்பு. கூட்டத்துக்கு அஞ்சாமல் பாறையில் நடந்து வந்து, பூசகருக்குக் கையெட்டும் தொலைவில் நின்று சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும்.

1906ஆம் ஆண்டில் எடுத்த ஒரு புகைப்படத்தில் இந்தக் காட்சி அப்படியே பதிவாகியிருக்கிறது. அந்த விருந்து இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை தொடர்ந்தது.

சிவனிடம் சாபம் பெற்ற எட்டு முனிவர்கள், யுகத்துக்கு இருவராக நான்கு யுகங்களிலும் கழுகாய் வந்து வழிபட்டு விடுதலை பெறுகிறார்கள் என்பது தலபுராணம். நாம் பார்த்தவை கலியுகத்துக்கு உரிய கடைசி இணை. காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரத்தில் வழிபட்டு, சிதம்பரத்தில் இரவு தங்குகின்றன என்று ஊரார் சொல்வார்கள். சொல்பவரைப் பொறுத்து ஊர்களின் வரிசை மாறும். சாப்பாடு மட்டும் எந்தக் கதையிலும் திருக்கழுக்குன்றத்தில்தான். பறவைகள் வராத நாளும் உண்டு. கூடியிருப்பவர்களில் யாரோ பாவம் செய்தவர் இருக்கிறார், அதனால்தான் வரவில்லை என்று அன்றைக்கு விளக்கம் சொல்வார்கள். இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 1990களின் இறுதியில் இது அன்றாடத் தேவையாகிவிட்டது.

ஊரின் பழமைக்குச் சான்று நிறைய உண்டு. தேவார மூவரும் பாடிய தலம் இது, மாணிக்கவாசகரும் பாடியிருக்கிறார். கந்தசிஷ்யன் என்னும் பல்லவ மன்னன் இக்கோயிலுக்கு நிலம் விட்டதையும், வாதாபியை வென்ற நரசிம்மவர்மன் அதை நிலைநிறுத்தியதையும், பிறகு அதே கொடையைத் தான் புதுப்பிப்பதையும் சோழன் முதலாம் ஆதித்தனின் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. மலையில் ஒற்றைக் கல்லில் குடைந்த ஒருகல் மண்டபம் பல்லவர் காலத்தது. அதன் சுவரில் பதினேழாம் நூற்றாண்டில் இங்கு வந்துபோன டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். வடக்கிலிருந்து வந்த யாத்திரிகர்களுக்கு இந்த ஊர் பட்சிதீர்த்தம். பறவை ஆய்விலும் நாட்டம் கொண்ட தாம்பரம் கிறித்தவக் கல்லூரிப் புள்ளியியல் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970களில் இந்தப் பறவைகளைப் பற்றி எழுதினார். புராணத்தின் கண்ணும் அறிவியலின் கண்ணும் ஒரே பாறையைப் பார்த்துக்கொண்டிருந்த அருமையான இடம் அது.

அறிவியலின் கண்ணுக்கு இது எகிப்தியக் கழுகு. தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் மஞ்சள்முகப் பாறு என்று எழுதுகிறார்கள். தெற்கு ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா, அரேபியா வழியாக இந்தியா வரை வாழும் பறவை. பாறை இடுக்குகளில் கூடு கட்டும். ஓர் இணை தன் எல்லையை விட்டு எளிதில் நகராது. கூண்டில் வளர்க்கப்பட்டது 37 ஆண்டு வரை வாழ்ந்திருக்கிறது. ஒரே குன்றுக்கு ஒரே இணை பல பத்தாண்டுகள் வந்துபோக முடியும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம். பெரியவை இறந்தால் அடுத்த இணை அந்த எல்லையையும் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டிருக்கும். உச்சிவேளைக்கும் ஒரு காரணம் சொல்ல முடியும். அகன்ற சிறகுள்ள இந்தப் பறவைகள், வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் ஏறி மிதந்தே தொலைவுகளைக் கடக்கின்றன. மொட்டைப் பாறைக் குன்று நன்றாகச் சூடேறுவது முற்பகல் கடந்த பிறகுதான். பூசை நேரமும் பறவைக்கு வாய்ப்பான காற்றும் ஒன்றாக அமைந்த இடத்தில் ஒரு வழக்கம் வேர்பிடித்துவிட்டது.

இந்தப் பறவையின் அறிவைப் பற்றி உலகுக்கு முதலில் சொன்னவர்களில் ஜேன் குடாலும் ஒருவர். நெருப்புக்கோழி முட்டையின் ஓடு இதன் அலகுக்கு உடையாது. அதனால் கல்லை அலகில் கவ்வி, முட்டை மேல் எறிந்து எறிந்து உடைக்கிறது என்பதை அவரும் ஹ்யூகோ வான் லாவிக்கும் ஆப்பிரிக்காவில் பார்த்து 1966இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கருவியைப் பயன்படுத்தத் தெரிந்த பறவைகளின் சிறிய பட்டியலில் அப்போதே இதற்கு இடம் கிடைத்துவிட்டது. 2002இல் அதே இதழில் ஸ்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் கண்டு சொன்னார்கள். அந்த முகத்தின் மஞ்சள், மாட்டுச் சாணத்திலிருந்தும் ஆட்டுப் புழுக்கையிலிருந்தும் வருகிறது! சாணத்தில் ஊட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் தழை தின்னும் விலங்கின் குடலைக் கடந்து வரும் கரோட்டினாய்டு நிறமிகள் அதில் மிஞ்சியிருக்கின்றன; இறைச்சியில் அவை மிகக் குறைவு. இவ்வளவு கிருமியைத் தின்று செரித்தும் நலமாக இருக்கிறேன் என்று இணைக்குக் காட்டும் அடையாளமாக அந்த முகம் இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். மலையுச்சியில் கைகூப்பி நின்றவர்கள் தெய்வீகமாகக் கண்ட அந்த மஞ்சளுக்குப் பின்னால் இப்படி ஒரு உடலியல் இருக்கிறது. அது வியப்பைக் கூட்டத்தான் செய்கிறது.

பிணந்தின்னும் பறவையை மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரே கண்ணால் பார்த்ததில்லை. பழைய எகிப்தில் அது தாய்த் தெய்வத்தின் வடிவம். அந்நாட்டுச் சித்திர எழுத்துகளில் ஒன்று இந்த மஞ்சள்முகப் பறவையின் உருவமே. நம் பக்கம் சடாயுவுக்கு வைத்தீசுவரன்கோயிலில் தனிக் குண்டம் இருக்கிறது. மறுபக்கத்தில், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இயற்கையியலாளர் பஃபோன் கழுகுகளைக் கோழைகள், இழிந்தவை என்று எழுதினார். எந்த உயிரையும் பொறுமையாக உற்றுப் பார்த்த டார்வினே தென்னமெரிக்கப் பயணத்தில் கண்ட மொட்டைத்தலைக் கழுகை அருவருப்பான பறவை என்றுதான் குறித்து வைத்தார். தமிழில் ஒருவரைப் பிணந்தின்னிக் கழுகு என்றால் அது வசை. வீட்டுக் கூரையில் கழுகு உட்கார்ந்தால் ஆகாது என்று பரிகாரம் தேடியவர்கள், திருக்கழுக்குன்றத்தில் அதே இனப் பறவைக்கு நெய்ச்சோறு படைப்பதைக் காண நாள் முழுக்கப் பயணம் செய்திருக்கிறார்கள். ஒரு பார்வைக்கு அவை முனிவர்கள், இன்னொன்றுக்கு அபசகுனம். எந்தப் பார்வையிலும் கண்ணில் படாமல் போனது, அந்தப் பறவைக் கூட்டம் ஊருக்காக அன்றாடம் செய்துகொண்டிருந்த வேலை.

அது மிகப் பெரிய வேலை. 1980களில் இந்தியாவில் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு இனங்கள் எல்லாம் சேர்த்து நான்கு கோடி வரை இருந்திருக்கலாம் என்று ஒரு மதிப்பீடு உண்டு. தில்லியின் சாலையோர மரங்களில்கூட வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டின. மாடுகள் கோடிக்கணக்கில் வாழும் நாடு. செத்த மாட்டைப் பெரும்பாலோர் உண்பதில்லை. ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டால், தோலை உரிப்பவர் உரித்துக்கொள்வார். அதற்குள் வானம் நிறைந்துவிடும். ஒரு கூட்டம் முழு மாட்டை முக்கால் மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். உலர்ந்த எலும்பைப் பொறுக்கி உர ஆலைக்கும் பசை ஆலைக்கும் விற்பது ஏழைகள் பலருக்குப் பிழைப்பு. தோல், எலும்பு, சுகாதாரம் மூன்றும் ஒரு செலவுமின்றி நடந்தன. அமெரிக்கக் கழுகுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு, அவற்றின் முகத்தோலில் 528 வகை நுண்ணுயிர்கள் இருக்க, குடலில் 76 வகைதான் மிஞ்சியிருந்ததைக் காட்டியது. இரைப்பையின் அமிலம் மற்றவற்றை அழித்துவிடுகிறது. பிணத்திலிருந்து நோய் பரவும் பாதையை அந்த இரைப்பை அடைத்து வைத்திருந்தது. ஆனாலும் 1980களில் அரசு அலுவலகங்களில் இவற்றைப் பற்றி எழுந்த பேச்செல்லாம், விமானத்தின் மீது மோதுகின்றன என்பதுதான். பறவைகளால் விமானங்களுக்கு வரும் ஆபத்தை ஆராயும் திட்டத்தையே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அப்போது நடத்தியது.

அந்தக் கழகத்தைச் சேர்ந்த விபு பிரகாஷ், இராஜஸ்தானின் பரத்பூர் கேவலாதேவ் பூங்காவில் 1980களில் 350க்கும் மேற்பட்ட பாறுக் கூடுகளை எண்ணியவர். 1990களின் நடுவில் திரும்பிப் போய்ப் பார்த்தபோது பாதிகூட இல்லை. மரக்கிளைகளில் கழுத்துத் தொங்கி உட்கார்ந்திருந்த பறவைகள் சில வாரங்களில் செத்து விழுந்தன. 1999இல் அவர் எழுதிய கட்டுரைதான் முதல் எச்சரிக்கை மணி. வைரசாக இருக்கும் என்று ஐயப்பட்டுப் பலரும் தேடினார்கள். விடை கிடைத்தது பாகிஸ்தானின் பஞ்சாபில். லிண்ட்சே ஓக்ஸ் என்ற அமெரிக்கக் கால்நடை நோயியல் வல்லுநரின் குழு, செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகள் மீது சுண்ணாம்பு பூசியது போல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. வைரஸ், பாக்டீரியா, பூச்சிமருந்து, கனஉலோகம் என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகு, இந்தப் பறவைகளின் ஒரே உணவான மாட்டுக்கு என்ன மருந்து போடுகிறார்கள் என்று விசாரித்தார்கள். டைக்ளோஃபினாக். மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் நாம் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்திலும் அது இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் 'நேச்சர்' இதழில் முடிவு வெளிவந்தது.

1990களின் தொடக்கத்தில் இந்த மருந்தின் காப்புரிமை முடிந்தது. உள்நாட்டு நிறுவனங்கள் மலிவாகத் தயாரித்தன. கால்நடை மருந்தாகவும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. காய்ச்சலும் வீக்கமும் வந்த உழவு மாட்டுக்கு ஓர் ஊசி போட்டால் மறுநாள் எழுந்து நிற்கும். விவசாயி அதில் தவறேதும் செய்யவில்லை. தன் மாட்டின் வலியைப் போக்கினார். பிழைக்காமல் போன மாட்டின் உடலில் மருந்து தங்கிவிட்டது. நூறு பிணங்களில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே இனம் சரிந்துவிடும் என்று கணித மாதிரிகள் காட்டின. ஒரே மாட்டைச் சுற்றிப் பெருங்கூட்டம் உண்ணும் பறவை அல்லவா! 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறு 99.9 விழுக்காடு அழிந்தது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லலகுப் பாறும் ஏறக்குறைய 97 விழுக்காடு. பிணத்தை மட்டுமே நம்பாமல் சாணமும் குப்பையும் தின்னும் மஞ்சள்முகப் பாறுகூட 2003க்குள் 80 விழுக்காடு குறைந்துவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் அந்த இணை வருவது நின்றது இதே ஆண்டுகளில்தான். யாத்திரிகர்கள் சில காலம் காத்திருந்தார்கள். கலி முற்றிவிட்டது, உலகில் பாவம் பெருகிவிட்டது என்று பேச்சு வந்தது. அந்த வழக்கத்துக்கு இருந்த மதிப்பு பெரியது. ஒரு காட்டுப் பறவையின் வருகையைத் தலைமுறை தலைமுறையாக நாள் தவறாமல் பார்த்திருந்த இடம் உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. பறவை குறைகிறது என்று நாட்டுக்கு முதலில் அறிவித்திருக்கக்கூடிய இடம் அது. வராமைக்குப் பாவம் என்ற விளக்கம் தயாராக இருந்ததால், அந்த அறிவிப்பு கோயில் மதிலைத் தாண்டவில்லை.

பம்பாயில் வேறொரு சமூகம் இதே இழப்பைத் தன் சாவுச் சடங்கிலேயே சந்தித்தது. நிலமும் நீரும் நெருப்பும் மாசுபடலாகாது என்பது பார்சிகளின் நம்பிக்கை. மலபார் குன்றில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து இருக்கும் டூங்கர்வாடி அமைதிக் கோபுரங்களில் உடலைப் பறவைகளுக்கு ஒப்படைத்தார்கள். பறவைகள் போன பிறகு, வெயிலைக் குவிக்கும் கருவிகளை அங்கே பொருத்த வேண்டியிருந்தது. அது போதாதென்று கருதியவர்களும் இருந்தார்கள். தகனத்தை விரும்பும் பார்சிகளுக்காக 2015இல் வொர்லியில் பிரார்த்தனைக் கூடம் திறக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த ஒரு சடங்கை மாட்டுக்குப் போட்ட ஊசி மாற்றிவிட்டது.

பறவைகள் விட்டுப்போன பிணங்களுக்கு நாய்கள் வந்தன. அனில் மார்க்கண்டேயாவும் சக ஆய்வாளர்களும் 2008இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பாறுகள் அழிந்த காலத்தில் தெருநாய்கள் சுமார் 55 லட்சம் கூடின. அதனால் 1992 முதல் 2006 வரை வெறிநாய்க்கடியால் கூடுதலாக 47,000க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கலாம் என்றது அது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 2024இல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயால் ஃபிராங்கும் வாரிக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சனும் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ'வில் எழுதிய கட்டுரை இன்னும் பெரிய எண்ணைச் சொன்னது.

அவர்கள் செய்தது எளிமையான ஒப்பீடு. பாறுகள் வாழ ஏற்ற மாவட்டங்கள் ஒருபுறம், ஏற்காத மாவட்டங்கள் மறுபுறம். 1994க்கு முன்பு இரண்டு வகை மாவட்டங்களிலும் சாவு விகிதம் ஒரே போக்கில் இருந்தது. டைக்ளோஃபினாக் மலிவான பிறகு, பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களில் மட்டும் மனிதச் சாவு 4 விழுக்காட்டுக்கும் மேல் உயர்ந்தது. அதே மாவட்டங்களில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனை கூடியிருந்தது. நீர்நிலைகளில் கிருமிகள் பெருகியிருந்தன. 2000 முதல் 2005 வரையிலான ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள். பண மதிப்பில் ஆண்டுக்குச் சுமார் 6,900 கோடி டாலர் இழப்பு. புலிக்கும் பாண்டாவுக்கும் கிடைக்கும் அன்பு இத்தகைய பறவைக்குக் கிடைப்பதில்லை. ஆனால் பாதுகாப்புக்குப் பணம் ஒதுக்கும்போது, அழகைவிட அது செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். ஊர்களில் அந்தச் சாவுகள் காய்ச்சலாகவும் வயிற்றுப்போக்காகவும் நாய்க்கடியாகவும்தான் தெரிந்தன. வானம் காலியானதோடு யாரும் அவற்றை முடிச்சுப் போடவில்லை.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் 2006இல் தடை செய்யப்பட்டது. மெலாக்சிகாம் பறவைக்குத் தீங்கில்லாத மாற்று மருந்து என்பது அதே ஆண்டில் உறுதியானது. ஆனால் மனிதர்களுக்கென்று விற்ற 30 மில்லி புட்டிகள் மாட்டுத் தொழுவத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015இல் ஊசிமருந்தை 3 மில்லிக்குள் அடைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அவற்றின் மனுவைத் தள்ளி, பறவையின் பக்கம் நின்றது. கீட்டோபுரோஃபெனும், மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காக மாறிவிடும் அசிக்ளோஃபினாக்கும் 2023இல்தான் தடைப்பட்டன. முதல் தடைக்கும் இதற்கும் இடையில் பதினேழு ஆண்டுகள். இந்தத் தாமதத்துக்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது.

தமிழ்நாட்டில் இன்று பாறுகளைப் பார்க்க வேண்டுமானால் நீலகிரியின் வடசரிவில் சீகூர் பீடபூமிக்கும் மாயாற்றுப் பள்ளத்தாக்குக்கும் போக வேண்டும். காட்டெருமையும் மானும் இயற்கையாகச் சாகிற, புலி அடித்து மிச்சம் வைக்கிற அந்தக் காட்டில்தான் மருந்து கலவாத இறைச்சி கிடைக்கிறது. தமிழகம், கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எடுத்த 2023 தொடக்கக் கணக்கெடுப்பில் 246 பறவைகள். அதே ஆண்டின் இறுதியில் 320. அருளகம் அமைப்பின் சு. பாரதிதாசனும் நண்பர்களும் காட்டோர ஊர்களில் மருந்துக் கடைக்காரர்களிடமும் கால்நடை மருத்துவர்களிடமும் மாடு வளர்ப்போரிடமும் பல ஆண்டுகளாகப் போய்ப் பேசி வருகிறார்கள். எந்த ஊசியைத் தவிர்க்க வேண்டும், புலி அடித்த மாட்டின் மீது ஏன் நஞ்சு தடவக் கூடாது என்று விளக்குகிறார்கள். வனத்துறையும் பழங்குடி இளைஞர்களும் கூடுகளை எண்ணுகிறார்கள். வெண்முதுகுப் பாறு அங்கே ஆற்றங்கரை நீர்மருத மரங்களில் கூடு கட்டுகிறது. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. குஞ்சு வளர்ந்து இணைசேர ஐந்தாண்டு ஆகும். 2023இல் மாயாற்றங்கரையில் பொரிந்த குஞ்சு, ஊசி போட்ட மாட்டைத் தின்னாமல் பிழைத்திருந்தால், 2028 வாக்கில் தன் முதல் முட்டையை இடும்.